துண்டு போட்டால் மோதிரம் வரும்! அயர்லாந்தின் அறுவடை ரொட்டியும் கொல்லிமலைக் கேழ்வரகும்

கல்யாண வீட்டில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. வாய் குறுகலான ஒரு குடம், உள்ளே தண்ணீர், அதற்குள் ஒரு மோதிரம். மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் துழாவுவார்கள். சுற்றி நிற்கும் அத்தைகளும் மச்சினிகளும் "விட்டுராத, விட்டுராத" என்று கூச்சல் போடுவார்கள். யார் கையில் மோதிரம் சிக்குகிறதோ, இனி வீட்டில் அவர் ராஜ்ஜியம்தான் என்று ஒரு சிரிப்பு.

அயர்லாந்தில் அந்த மோதிரத்தை ரொட்டிக்குள் போடுகிறார்கள்.

அந்த ரொட்டியின் பெயர் பார்ம்பிராக். வருடம் முழுக்கக் கடைகளில் கிடைத்தாலும், அதற்கென்று இருக்கும் நாள் அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு. மாவைவிடத் திராட்சை அதிகமாகத் தெரியும் ஒரு பழுப்பு ரொட்டி. மேலே லேசான பளபளப்பு. துண்டு போட்டு, வெண்ணெய் தடவி, சூடான டீயோடு சாப்பிடுவார்கள். உங்கள் துண்டில் மோதிரம் வந்தால், அடுத்த ஹாலோவீனுக்குள் உங்களுக்குக் கல்யாணம்!

ஏழு கடல் தாண்டிய இந்த ரொட்டிக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போனால் வரும் நம் கொல்லிமலைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு இருக்கின்றன. ஒன்று அடுப்படி சம்பந்தம். இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. முதலில் ரொட்டி.

புள்ளி போட்ட ரொட்டி

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஐரிஷ் மொழியில் இதை 'பைரீன் ப்ரெக்' என்பார்கள். 'பைரீன்' என்றால் ரொட்டி, 'ப்ரெக்' என்றால் புள்ளி புள்ளியாக இருப்பது. உடம்பெல்லாம் புள்ளி இருக்கும் ட்ரௌட் மீனுக்கும் ஐரிஷ் மொழியில் ப்ரெக் என்றே பெயர். மாவுக்கு நடுவே திராட்சைகள் கறுப்புக் கறுப்பாகத் தெரிவதால் ரொட்டிக்கும் அந்தப் பெயர். 'பார்ம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தனி விளக்கம் சொல்பவர்களும் உண்டு. பீர் புளிக்கும்போது மேலே பொங்கி நிற்கும் நுரைதான் பார்ம். ஈஸ்ட் பாக்கெட்டில் வராத காலத்தில் அந்த நுரையை எடுத்துத்தான் ரொட்டி மாவைப் புளிக்க வைத்தார்கள். நம் ஊரில் பன் ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் கள்ளு ஊற்றிய கதைதான்.

இன்று இரண்டு வகை பிராக் இருக்கிறது. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துச் சுடுவது ஒன்று. அதைப் பிசைய வேண்டும், பொங்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று டீ பிராக். உலர்ந்த பழங்களைக் கடுங்காப்பி மாதிரி கறுப்பாக இருக்கும் டீயில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் மாவும் முட்டையும் கலந்து சுடுவது. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே செய்கிறார்கள். பிசையவே வேண்டாம் என்பதுதான் காரணம். கரண்டியால் கலக்கத் தெரிந்தால் போதும்.

ஆச்சரியமான ஒரு விஷயம், டீ பிராக்கில் வெண்ணெயோ எண்ணெயோ ஒரு சொட்டுகூட கிடையாது. ஊறிய திராட்சைக்குள் இருக்கும் டீதான் ரொட்டியை ஈரமாக வைத்திருக்கிறது. அதனால்தான் டப்பாவில் போட்டு வைத்தால் நாலைந்து நாள் ஆனாலும் காய்ந்துபோவதில்லை. சொல்லப்போனால் முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் ருசி.

மோதிரம், பட்டாணி, கந்தல் துணி

பழைய காலத்து பிராக்கில் மோதிரம் மட்டும் இருக்கவில்லை. ஒரு காய்ந்த பட்டாணி இருக்கும். அது யாருக்கு வருகிறதோ அவருக்கு அந்த வருடம் கல்யாணம் இல்லை. ஒரு நாணயம் இருக்கும், வந்தால் பணம் வரும். ஒரு கந்தல் துணித்துண்டு இருக்கும், வந்தால் வறுமை. தையல்காரர்கள் விரலில் மாட்டும் உறை வந்தால் அந்தப் பெண் கடைசிவரை கன்னிதான். பொத்தான் வந்தால் அந்த ஆண் பிரம்மச்சாரிதான். சில வீடுகளில் மாதா சுரூபம் பதித்த சிறு பதக்கம் போடுவார்கள். அது வந்தால் மடத்தில் சேரப்போகிறார் என்று பொருள்.

ஒரு சிறு குச்சியும் உண்டு. அது வந்தால் சண்டை சச்சரவான தாம்பத்யம், இன்னும் வெளிப்படையாகச் சொன்னால் புருஷன் அடிப்பான் என்று அர்த்தம். அதையும் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இன்றைய கடை பிராக்கில் குச்சி இல்லை. நல்லவேளை. கந்தல் துணியும் போய்விட்டது. காகிதத்தில் சுற்றிய ஒரு மலிவான மோதிரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914-ல் வெளியிட்ட 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'களிமண்' என்றொரு சிறுகதை உண்டு. ஹாலோவீன் மாலையில் நடக்கிறது. சலவைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் மரியா என்ற வயதான, கல்யாணமாகாத பெண், அங்குள்ள பெண்களுக்கு டீயும் பார்ம்பிராக்கும் பரிமாறுகிறாள். இந்த வருஷம் மோதிரம் உனக்குத்தான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்குள் இருப்பதைப் படித்து முடித்த பிறகுதான் புரிந்துகொள்ள முடியும். ரொட்டிக்குள் ஜோசியம் வைத்து விளையாடுவது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் அது ஒரே மாதிரி இருந்திருக்காது. 'எப்ப கல்யாணச் சாப்பாடு போடப்போற?' என்ற கேள்வியை எல்லா விசேஷத்திலும் எதிர்கொள்ளும் நம் வீட்டு அக்காக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் அக்டோபர் 31?

பேய் வேஷம், பூசணி விளக்கு என்று ஹாலோவீனை நாம் அமெரிக்கப் படங்களில்தான் பார்த்திருக்கிறோம். ஆனால் அதன் வேர் அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் இருக்கும் பக்கம். 'சௌவின்' என்பது அதன் பழைய பெயர். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு இன்றும் அதுதான் பெயர். அறுவடை முடிந்து, மலைமேய்ச்சலுக்குப் போன மாடுகள் கீழே திரும்பி வந்து, குளிர்காலம் தொடங்கும் நாள் அது. விளைந்தது வீட்டுக்கு வந்துவிட்டது, இனி இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும் என்ற கணக்கு தொடங்கும் இரவு.

அந்த இரவில் செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று நம்பினார்கள். கதவைத் தாழ் போடாமல், கணப்புக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஓர் இடம் விட்டு வைப்பார்கள். புரட்டாசி அமாவாசையில் முன்னோர்களுக்கு இலை போடுகிற நமக்கு இதில் விநோதம் ஒன்றும் இல்லை. கிறிஸ்தவம் வந்த பிறகு நவம்பர் 1 சகல புனிதர்கள் நாளாகவும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளாகவும் ஆயின. தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைக்கும் அதே நவம்பர் 2-தான்.

நவம்பர் 1-க்கு முந்தைய இரவு கத்தோலிக்கர்களுக்குக் கவுச்சி கூடாத நாளாக இருந்தது. ஆகவே ஹாலோவீன் சாப்பாட்டில் கறி இல்லை. உருளைக்கிழங்கை மசித்துக் கீரையோ முட்டைக்கோஸோ கலந்த 'கோல்கேனன்', ஆப்பிள், கொட்டைகள், கடைசியில் பார்ம்பிராக். கோதுமை மாவும் கப்பலில் வந்த உலர்ந்த திராட்சையும் ஏழை வீட்டில் தினமும் புழங்கும் பொருள்கள் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தின்னும் ரொட்டி என்பதால்தான் அதற்கு அவ்வளவு மரியாதை.

இன்று அயர்லாந்தில் அக்டோபர் மாதக் கடைசித் திங்கள்கிழமை அரசு விடுமுறை. 1977-ல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பள்ளிகளுக்கும் அந்த வாரம் லீவு. நம்மூர்த் தீபாவளி லீவு மாதிரி பிள்ளைகள் காத்திருக்கும் வாரம்.

ஒரே கிழங்கை நம்பிய தேசம்

இனி அந்தக் கசப்பான பகுதி.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அயர்லாந்தில் சுமார் 82 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் கூலிகளும் குத்தகை விவசாயிகளும் உயிர் வாழ்ந்தது உருளைக்கிழங்கால். அதிலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தை நம்பி. கொஞ்சம் நிலம் போதும், மட்டமான மண்ணிலும் விளையும், ஒரு குடும்பம் வருடத்தின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். தானியம் விளையாமல் இல்லை. ஆனால் அது நிலச்சுவான்தாருக்குக் குத்தகையாகவும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகவும் போனது. விளைவித்தவருக்கு மிஞ்சியது கிழங்கு.

1845-ல் கருகல் நோய் வந்தது. இலை கறுத்து, மண்ணுக்குள் கிழங்கு அழுகி நாறியது. 1846-ல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதுமாகப் போனது. அடுத்த சில வருடங்களில் பசியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அந்த நேரத்திலும் தானியக் கப்பல்கள் அயர்லாந்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 65 லட்சமாகச் சுருங்கியிருந்தது. வடக்கையும் தெற்கையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், பஞ்சத்துக்கு முன் இருந்த எண்ணிக்கையை அந்தத் தீவு இன்றுவரை எட்டவில்லை.

கப்பலேறியவர்கள்தான் ஹாலோவீனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்களுக்கு அங்கே பெரிய பெரிய பூசணி கிடைத்தது. அந்தப் பழைய டர்னிப் விளக்கின் அச்சு ஒன்று அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் இருக்கும் தேசிய கிராமிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூசணியைவிட அதுதான் உண்மையிலேயே பயமுறுத்துகிறது! பூசணி உலகம் முழுக்கப் போனது. வேஷமும் மிட்டாயும் போயின. பிராக் மட்டும் பெரும்பாலும் வீட்டோடு தங்கிவிட்டது.

தங்கியது எப்படி? ஒரு காரணம் விளையாட்டு. மோதிரம் யாருக்கு என்று பார்க்கவாவது வருடத்துக்கு ஒருமுறை ரொட்டியை வெட்ட வேண்டுமே. இன்னொரு காரணம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு வேலை செய்தது. சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. எந்தப் பண்டிகைக்கு என்ன சமைப்பீர்கள், எந்த விளையாட்டு விளையாடுவீர்கள், நோய்க்கு என்ன மருந்து, பஞ்சத்தின்போது என்ன நடந்தது என்றெல்லாம். 11 வயது முதல் 14 வயது வரையிலான சுமார் 50,000 பிள்ளைகள் எழுதிய அந்தப் பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஹாலோவீன் ராத்திரியும் பிராக்கும் அவற்றில் மறுபடி மறுபடி வருகின்றன.

தேவனூர் நாட்டில் ஐப்பசி

இப்போது மலையேறலாம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே 'நாடு' என்றுதான் பெயர். தேவனூர் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று மொத்தம் 14. வல்வில் ஓரி ஆண்ட மலை. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழும் மலை. சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். பலா, அன்னாசி, வாழை, மிளகு, காப்பி, தேன் என்று சோளக்காடு சந்தையில் என்ன வாங்குவது என்றே குழம்பிப்போவோம். அக்டோபர் 31 என்பது நமக்கு ஐப்பசி நடுப்பகுதி. வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமும் சேர்ந்து மலையை மூடும் நேரம்.

சுற்றுலா வருபவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு செல்வமும் இந்த மலையில் இருக்கிறது. சிறுதானிய ரகங்கள். கேழ்வரகு என்று நாம் ஒரே பெயரில் வாங்குவது இங்கே சட்டைக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு என்று பல. சாமையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை. தினையில் செந்தினை, இன்னும் சில. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று தாமதமாக விளையும். ஒன்று மேட்டுச் சரிவைத் தாங்கும், ஒன்று மழை தவறினாலும் கொஞ்சமாவது கொடுக்கும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பதுதான் அந்தக் காலத்துப் பயிர் இன்ஷூரன்ஸ்.

அந்த நிலத்தின் பெரும்பகுதிக்கு மரவள்ளிக்கிழங்கு வந்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும். ஜவ்வரிசி விற்பனைக்கென்றே சேலத்தில் 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது என்றால் தொழிலின் அளவைப் புரிந்துகொள்ளலாம். குச்சியை நட்டால் போதும், கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. சாமையோ அப்படி இல்லை. அறுத்து, அடித்து, காயவைத்து, அதன் பிறகும் உமி போக உரலில் குத்த வேண்டும். குத்துவது பெண்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு அவ்வளவு உழைப்பு. ரேஷன் அரிசி வந்தபிறகு உலக்கையைக் கீழே வைத்தவர்களை யார் குறை சொல்ல முடியும்? 'பாரம்பரியத்தை மறந்துவிட்டோம்' என்று சமவெளியில் உட்கார்ந்து அங்கலாய்ப்பது சுலபம். குத்திப் பார்த்தால் தெரியும்.

அதனால்தான் 1990-களில் இங்கே வேலையைத் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வதோடு நிற்கவில்லை. ஊருக்குள் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள், விதை வங்கிகள், சிறுதானிய மாவையும் ரவையையும் பாக்கெட் போட்டு விற்கும் மகளிர் குழுக்கள் என்று அடுப்படிப் பக்கமாகவே போனது. உலக்கை வேலை குறைந்தால்தான் சாமை தட்டுக்குத் திரும்பும் என்ற கணக்கு சரியான கணக்கு.

ஒரே கிழங்கை நம்புவதன் ஆபத்து வெறும் அயர்லாந்துக் கதையும் இல்லை. 2020-ல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. கொஞ்ச நாளிலேயே சேலம், நாமக்கல் வட்டாரங்களுக்கும் வந்துவிட்டது. குருத்து சுருண்டு, செடி குட்டையாகி, கிழங்கு சிறுத்தது. மருந்தடித்து மாளாமல், அந்தப் பூச்சியைத் தேடி முட்டையிட்டு அழிக்கும் ஒரு குட்டிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். இது பஞ்சம் இல்லை, யாரும் கப்பலேறவில்லை. ரேஷனும் ரோடும் இருக்கும் காலம். ஆனால் காட்டில் வேறு பயிரே இல்லாதவருக்கு அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கலாம்.

கொல்லிமலை பிராக்: செய்வது எப்படி?

அயர்லாந்து ரொட்டியில் கொல்லிமலையைச் சேர்க்க முடியுமா? தாராளமாக. டீ பிராக் ரொம்பவும் பெருந்தன்மையான ரொட்டி. அதோடு அந்தக் காலத்து ஐரிஷ் வீடுகளில் அவன் கிடையாது. 'பாஸ்டிபிள்' என்ற அடிகனமான இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடி போட்டு, மூடியின் மேலும் கனலை அள்ளிப் போட்டுச் சுட்டார்கள். தம் பிரியாணிக்கு நாம் செய்வதுதான். ஆகவே அவன் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம்.

முதல் நாள் ராத்திரி: தண்ணீர் 300 மில்லியைக் கொதிக்கவிட்டு, 3 டீஸ்பூன் டீத்தூள் போட்டு, 5 நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். பால் கூடாது. சூட்டோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றி, உலர்ந்த திராட்சை 350 கிராம், நாட்டுச் சர்க்கரை 125 கிராம் சேர்த்துக் கலந்து மூடிவையுங்கள். மஞ்சள் திராட்சை பாதி, கறுப்பு பாதி என்றால் புள்ளிகள் அழகாக வரும். உலர்வாழைப்பழம் கிடைத்தால் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி சேர்க்கலாம். அந்த அளவுக்குத் திராட்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அன்னாசி போட ஆசைப்படுபவர்கள் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் விட்டு ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். கொஞ்சம் சர்க்கரையோடு ஈரம் வற்றும்வரை வதக்கி, இரண்டு ஸ்பூன் சேர்த்தால் போதும். டீக்குப் பதில் கொல்லிமலைக் காப்பி டிகாஷனும் ஊற்றலாம். அது கொஞ்சம் கசக்கும், பெரியவர்களுக்குப் பிடிக்கும்.

மறுநாள் காலை பார்த்தால் திராட்சையெல்லாம் உப்பிப் பளபளவென்று இருக்கும். கோதுமை மாவோ மைதாவோ 175 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்த பொடி ஒரு டீஸ்பூன். கூடவே இரண்டு சிட்டிகை மிளகுத்தூள். இது ஐரிஷ் கணக்கில் இல்லை, கொல்லிமலைக் கணக்கு.

கேழ்வரகைக் கூடுதலாகப் போட்டால் என்ன? கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை கேழ்வரகில் கிடையாது. பாதிக்குப் பாதி போட்டால் ரொட்டி உதிரும், துண்டு நிற்காது. கால் பங்குக்குள் இருந்தால் மண்வாசனையோடு நல்ல நிறமும் கிடைக்கும். மாவை ஒருமுறை வாசம் வரும்வரை வறுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஊறிய திராட்சைக் கலவையில் ஒரு முட்டையை அடித்து ஊற்றுங்கள். முட்டை சேர்க்காதவர்கள் கால் கப் கெட்டித் தயிர் ஊற்றலாம். டீயை வடித்துவிடாதீர்கள், அதுதான் ரொட்டிக்கு ஈரம். மாவைக் கொட்டி, வெள்ளைத் திட்டு தெரியாத அளவுக்கு மட்டும் கலக்கி, காகிதம் போட்ட பிரெட் டின்னில் ஊற்றுங்கள். அவன் இருந்தால் 170 டிகிரியில் ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம். இல்லையென்றால் அடிகனமான பழைய பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, 10 நிமிடம் சூடாக்கி, டின்னை இறக்கி, மூடி போட்டுச் சிறு தீயில் வையுங்கள். நேரம் ஏறக்குறைய அதேதான், கொஞ்சம் கூடலாம். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக்கூடாது. திராட்சையின் பாகு ஒட்டினால் பயப்பட வேண்டாம்.

தேவனூர் நாட்டிலோ ஊட்டி, கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. 1,200 மீட்டரில் தண்ணீர் 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பேக்கிங் பவுடரின் வாயுவும் அங்கே வேகமாக உப்பும். ரொட்டி சட்டென்று எழும்பி நடுவில் குழிந்துவிடும். ஆகவே இரண்டரைக்குப் பதில் இரண்டு டீஸ்பூனுக்குள் நிறுத்துங்கள். டீயையும் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிடுங்கள்.

சூடு ஆறுவதற்குள் ஒரு ஸ்பூன் மலைத்தேனில் வெந்நீர் கலந்து மேலே தடவினால் அந்தப் பளபளப்பு வந்துவிடும்.

மோதிரம் போடுபவர்கள் கவனத்துக்கு

சுத்தமாகக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, பட்டர் பேப்பரில் நன்றாகச் சுற்றிப் போடுங்கள். கல் பதித்தது, பிளாஸ்டிக், கவரிங் எதுவும் வேண்டாம். சின்னக் குழந்தைகளும், பல் செட் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளும் வீட்டில் இருந்தால், சுடும்போது உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். துண்டு போட்ட பிறகு தட்டுக்கு அடியில் ஒட்டிவைத்தாலும் விளையாட்டு விளையாட்டுதான். எப்படியானாலும், உள்ளே ஏதோ இருக்கிறது என்று சாப்பிடும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மோதிரத்துக்குக் கல்யாணம் என்ற அர்த்தமே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யாருக்கு வருகிறதோ அவர் இன்று பாத்திரம் கழுவ வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் அம்மாக்கள்தான் முதலில் கை நீட்டுவார்கள்.

ரொட்டி ஊறும் அந்த ராத்திரியில் பிள்ளைகளுக்கு லீவு என்றால் இன்னொரு வேலையும் கொடுக்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா. பாட்டியிடம் போய், அந்தக் காலத்தில் அறுவடை முடிந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள், எந்தத் தானியம், எவ்வளவு, எந்தப் பாத்திரம், யார் குத்துவார்கள், யாருக்கு முதல் உருண்டை என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். தினை மாவில் தேன் ஊற்றிப் பிசைந்து முருகனுக்கு வைத்ததோ, சாமைச் சோற்றுக்கு அவரைக்காய்க் குழம்பு ஊற்றியதோ, அவர் சொல்கிறபடியே எழுதட்டும். அளவைக் கேட்டால் பாட்டி 'ஒரு கை' என்பார். அந்தக் கையை அளந்து எழுதச் சொல்லுங்கள்.

பிராக் மறுநாள் மிஞ்சினால் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி இரண்டு பக்கமும் லேசாக வாட்டுங்கள். ஐரிஷ் வீடுகளில் மிச்சத்தைத் தின்னுவது இப்படித்தான். திராட்சை கருகிவிடாமல் தீ மட்டும் சிறியதாக இருக்கட்டும்.